ஏற்பூசியும் எங்கள் வீட்டு அலுமாரியும்

காலில் ஆணி ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், "ஏற்பூசி போட்டாச்சா?" என்று உடனே கேட்பது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் பழகிப்போன விடயம். உம்மம்மா முதல் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை வரை இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியும். ஆனால் ஏற்பு என்பது என்ன நோய், அது எப்படி வருகிறது, அந்த ஊசி உண்மையில் என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்வோர் மிகச் சிலரே. தமது மகளுக்கு இதுவரை எத்தனை தடவை அந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது என்று திட்டமாகச் சொல்லக்கூடிய பெற்றோர் அதைவிடவும் குறைவு.

நான் இக்கல்லூரியில் சுகாதாரப் பாடம் கற்பிப்பவள். ஆண்டுதோறும் தரம் 7 மாணவிகளுக்குத் தடுப்பூசி ஏற்றுவதற்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து குழுவினர் வருவார்கள். அதற்கு முன்பாக, எந்தப் பிள்ளை எதை ஏற்கெனவே பெற்றிருக்கிறாள் என்பதைக் காட்டும் பதிவுகளைத் திரட்டும் வேலை என்னிடம் வந்து சேரும். சில மாணவிகள் பொலித்தீன் உறையிட்டு, மூலை மடியாத கிளினிக் கொப்பியைக் கொண்டு வருவார்கள். சிலருடைய கொப்பியில் கறையான் அரித்தது போக மிஞ்சியதே இருக்கும். பலர் வெறுங்கையுடன் வந்து, "உம்மா தேடிப் பார்த்தாங்க டீச்சர், கிடைக்கல்ல" என்பார்கள். அன்றைய தினம் வேண்டுமென்றே வகுப்புக்கு வராமல் இருப்பவர்களும் உண்டு. ஊசிக்குப் பயந்து பிள்ளை நின்றாளா, அல்லது வீட்டில் நிறுத்தினார்களா என்பது எப்போதும் தெரிவதில்லை.

இந்த அனுபவத்திலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்து இதுதான்: காயம் பட்ட பின்னர் ஓடிப்போய்ப் போடும் ஊசியை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம்; காயம் படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டிய ஊசிகளையும், அவற்றைப் பதிந்த அந்தச் சிறு கொப்பியையும் அளவுக்கு மீறி அலட்சியம் செய்கிறோம். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த அலட்சியம் ஓர் உயிரோடு நிற்பதில்லை. அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் உயிரையும் அது தொடுகிறது. ஏன் என்று விளக்க வேண்டுமானால் நோயிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஏற்புவலி என்று இலங்கையிலும், இரண ஜன்னி, வாய்ப்பூட்டு நோய் என்று தமிழகத்திலும் அழைக்கப்படும் இந்நோயின் காரணி குளொஸ்ரீடியம் டெட்டானி என்னும் ஒரு பக்ரீரியா. மண்ணிலும், தெருத் தூசியிலும், மாடு, ஆடு, குதிரை முதலான விலங்குகளின் சாணத்திலும் அது வித்தி வடிவில் உறங்கிக் கிடக்கிறது. வித்தி என்பது தடித்த உறையால் தன்னை மூடிக்கொண்ட நிலை. வெயிலில் காய்ந்தாலும், பல கிருமிநாசினிகள் பட்டாலும் அது இலகுவில் அழியாது. ஆண்டுக் கணக்கில் மண்ணில் காத்திருக்கும். சாதாரணமாகக் கொதிக்கும் நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தாலும் தப்பிவிடக் கூடியது. வைத்தியசாலைகளில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அமுக்கத்துடன் கூடிய நீராவியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது இத்தகைய வித்திகளையும் கொல்வதற்காகவே.

இந்தக் கிருமிக்கு ஒட்சிசன் ஆகாது. அதனால் மேலோட்டமான, நன்றாகக் கழுவிய கீறலில் அது வளர்வது கடினம். ஆழமாகக் குத்திய முள், ஆணி, மீன் முள், கண்ணாடித் துண்டு, நசுங்கிய விரல், தீக்காயம், சீழ்க்கட்டு போன்றவற்றில் இறந்துபோன தசையும் காற்றுப் புகாத இடமும் இருக்கும். அங்கேதான் வித்தி விழித்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் காயம் ஆறிவிட்டதுபோல் தோன்றும். உள்ளே கிருமி நஞ்சைச் சுரந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். துருவினால்தான் ஏற்பு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணியாக இருக்கும்; அது குத்தினால் காயம் ஆழமாக இருக்கும். அவ்வளவுதான். பளபளக்கும் புதிய ஆணி சாணம் பட்ட மண்ணில் கிடந்திருந்தால் அதுவும் அதே ஆபத்துத்தான். வீட்டுத் தோட்டத்தில் ரோசாச் செடிக்கு எரு இடும்போது குத்தும் முள்ளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். "ஆணி புதுசு, ஒன்றும் செய்யாது" என்று ஆறுதல் சொல்வது அறியாமை.

கிருமி சுரக்கும் நஞ்சு, மனிதன் அறிந்த நஞ்சுகளிலே மிகக் கொடியவற்றுள் ஒன்று. அது காயத்திலிருந்து நரம்புகள் வழியே முண்ணாணை அடைகிறது. எமது தசைகள் சுருங்குவதற்கும் தளர்வதற்கும் நரம்புகளின் கட்டளை தேவை. "போதும், தளர்ந்துவிடு" என்னும் கட்டளையை எடுத்துச் செல்லும் இரசாயனங்களை இந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. பின்னர் தசைக்குச் சுருங்க மட்டுமே தெரியும், விடத் தெரியாது. பிறேக் இல்லாமல் ஓடும் வாகனத்தின் நிலைதான்.

பெரும்பாலும் காயம்பட்டு 3 நாட்களுக்கும் 21 நாட்களுக்கும் இடையில் அறிகுறிகள் தொடங்குகின்றன. முதலில் தாடை இறுகும். வாயைத் திறக்க முடியாது. விழுங்கக் கஷ்டமாக இருக்கும். பின்னர் முகத்தசைகள் இழுபட்டு, சிரிக்காமலே சிரிப்பதுபோன்ற ஒரு கோரத் தோற்றம் வரும். கழுத்து விறைக்கும்; வயிறு பலகைபோல் இறுகும்; முதுகு வில்லாக வளையும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை போதும், உடல் முழுவதும் இழுக்கத் தொடங்கும். சில வேளைகளில் அந்த இழுப்பின் விசையில் எலும்பே முறியும். சுவாசத் தசைகள் இறுகினால் மூச்சு நிற்கும்.

எல்லாவற்றிலும் கொடுமை, நோயாளியின் சுயநினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதுதான். காக்கை வலிப்பில் போல அவர் நினைவிழப்பதில்லை. ஒவ்வோர் இழுப்பின் வலியையும் அவர் அறிகிறார். இந்தக் காட்சியைக் கண்டு, பேய் பிடித்துவிட்டது என்று நினைத்த காலமும் இருந்தது. அப்படி நினைத்தவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் தாடை இறுகிய ஒருவரை எங்கும் அலையவிடாமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை இன்று எல்லா வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்? காயத்தைத் திறந்து சுத்தம் செய்வார்கள். கிருமியைக் கொல்ல மருந்து கொடுப்பார்கள். நரம்பில் இன்னும் ஒட்டாத நஞ்சை முறிக்கத் தயார்நிலைப் பிறபொருளெதிரியை ஏற்றுவார்கள். ஆனால் நரம்பில் ஏற்கெனவே ஒட்டிவிட்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. நரம்பு முனைகள் புதிதாக வளர்ந்து சீராகும் வரை, வாரக் கணக்கில், சத்தமற்ற இருண்ட அறையில், தேவையானால் செயற்கைச் சுவாசத்துடன் காத்திருக்க வேண்டியதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவு வசதிகள் இருந்தும் உயிரிழப்போர் உண்டு. பணத்தாலும் பெரிய வைத்தியசாலையாலும் முழுமையாக வாங்கிவிட முடியாத ஒன்று இது. வருமுன் காப்பது என்ற சொல் இந்த நோய்க்குப் பொருந்துவதுபோல் வேறு நோய்களுக்குப் பொருந்துவது அரிது.

இனிப் பெண்களோடும் பிள்ளைகளோடும் இந்நோய்க்கு உள்ள உறவுக்கு வருகிறேன்.

பிறந்த பிள்ளைக்குத் தொப்புள் கொடி அறுக்கப்படும் இடமே ஒரு காயம்தான். அறுக்கும் கத்தி அசுத்தமானதாக இருந்தாலோ, அறுத்த இடத்தில் சாம்பல், சாணம், எண்ணெய் என்று எதையாவது பூசினாலோ, அங்கே கிருமி குடியேறும். முதல் இரண்டு நாட்களும் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பால் குடிக்கும், அழும். மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பின்னர் பாலை உறிஞ்ச முடியாமல் போகும். உடல் விறைக்கும். தொட்டால் இழுக்கும். தகுந்த சிகிச்சை இல்லாதபோது இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுகிறார்கள்.

இது கற்பனைக் கணக்கல்ல. 1988 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 787,000 பச்சிளம் பிள்ளைகள் ஏற்பினால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு மாதம்கூட வாழாத பிள்ளைகள் அவர்கள். பலருக்குப் பெயர்கூடச் சூட்டப்பட்டிருக்காது. 2018 இல் இந்தத் தொகை ஏறத்தாழ 25,000 ஆகக் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தவை இரண்டே இரண்டு விடயங்கள்: சுத்தமான பிரசவம், தாய்க்கு ஏற்றப்பட்ட ஏற்பூசி.

சுத்தத்தின் பங்கை ஒரு சிறு வரலாறு காட்டுகிறது. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில் செயின்ட் கில்டா என்றொரு தீவு இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த பிள்ளைகளில் பெரும் பகுதியினர் ஒரு வாரம் கடந்ததும் இறந்துபோனார்கள். மக்கள் அதனை எட்டாம் நாள் நோய் என்று அழைத்து, இறைவனின் நாட்டம் என்று பொறுத்துக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கு பணியாற்றிய மதகுரு ஒருவர், கிருமிநீக்கப் பிரசவ முறையைக் கற்றுவந்து பழக்கப்படுத்திய பின்னர் அந்த மரணங்கள் நின்றன. இறைவனின் நாட்டம் மாறிவிடவில்லை. மனிதர்கள் கையைக் கழுவவும் கத்தியைச் சுத்தப்படுத்தவும் கற்றுக்கொண்டார்கள். தவக்குல் என்பது முயற்சியைக் கைவிட்டு உட்கார்ந்திருப்பதல்ல என்று சிறுவயதிலிருந்தே கற்கும் எங்களுக்கு இதன் கருத்து விளங்கும்.

ஏற்பூசியின் பங்கு இன்னும் வியப்பானது. தாயின் உடலில் இருக்கும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகப் பிள்ளைக்குச் செல்கின்றன. ஆகவே தாய்க்கு உரிய நேரத்தில் மருந்து ஏற்றப்பட்டிருந்தால், பிறக்கும் பிள்ளை பாதுகாப்புடனேயே உலகிற்கு வருகிறது. பாலூட்டுமுன்னே, தாலாட்டுமுன்னே, பெயர் வைக்குமுன்னே ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் கொடை இது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இந்தத் தடுப்பு மருந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1884 இல் ஜேர்மனியரான ஆதர் நிக்கொலையர் மண்ணை விலங்குகளில் செலுத்தி இந்நோய் உண்டாவதைக் கண்டறிந்தார். 1889 இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ ஷிபாசபுரோ இந்தக் கிருமியைத் தனிமைப்படுத்தி வளர்த்தார். அடுத்த ஆண்டில் அவரும் எமில் வொன் பெஹ்ரிங்கும் நஞ்சை முறிக்கும் பொருள் குருதியில் உண்டாவதைக் காட்டினார்கள். 1920களில் நஞ்சை போமலினால் வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் முறை வந்தது. இன்று நாம் பெறும் ஏற்பூசியில் இருப்பது வலுவிழந்த அந்த நஞ்சுதான். அதில் உயிருள்ள கிருமி கிடையாது. ஆகவே "ஊசியாலேயே நோய் வந்துவிடும்" என்ற பயத்துக்கு இடமில்லை.

எங்கள் நாட்டின் கதை பெருமைப்படத்தக்கது. 1961 இல் முக்கூட்டு மருந்து, அதாவது தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்பு ஆகிய மூன்றுக்கும் எதிரான மருந்து இலங்கையில் அறிமுகமானது. 1969 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி ஏற்றப்படுகிறது. 1978 இல் விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடனத் திட்டம் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. வீதி வீதியாக, வீடு வீடாகச் சென்ற குடும்பநலத் தாதிமாரின் கால்நடையில் கிடைத்த வெற்றி இது. பச்சிளம் பிள்ளைகளின் ஏற்பு இந்நாட்டில் அனேகமாக மறைந்துபோனது. 2016 இல் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதுமே தாய்சேய் ஏற்பை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் போரும் வறுமையும் வாட்டும் ஆப்கானிஸ்தான், சோமாலியா, யெமன் போன்ற நாடுகளில் பிள்ளைகள் இன்னும் இந்நோய்க்குப் பலியாகிறார்கள்.

வெற்றியே அலட்சியத்தைக் கொண்டு வருகிறது என்பதுதான் என் கவலை. "இந்தக் காலத்தில் எங்கே ஏற்பு இருக்கிறது?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் நோய்தான் மறைந்திருக்கிறது, கிருமி மறையவில்லை. அது எங்கள் வளவு மண்ணில், வயல் வரப்பில், ஆட்டுக் கொட்டிலில் முன்புபோலவே இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்தார்கள். காரணம் அது மனிதரிலிருந்து மனிதருக்கு மட்டுமே தொற்றியது. ஏற்பு அப்படியானதல்ல.

இந்த வேறுபாட்டை மாணவிகள் நன்கு சிந்திக்க வேண்டும். சின்னமுத்து போன்ற நோயில், சுற்றியுள்ள எல்லோரும் ஊசி பெற்றிருந்தால், பெறாத ஒரு பிள்ளையும் அவர்களின் நிழலில் ஓரளவு தப்பலாம். ஏற்பில் அந்த நிழல் கிடையாது. வகுப்பில் 39 பேர் மருந்து பெற்றிருந்தாலும், பெறாத நாற்பதாவது பிள்ளைக்கு அதனால் ஒரு துளிப் பாதுகாப்பும் இல்லை. அவளது காலில் குத்தும் முள்ளுக்கு, பக்கத்துக் கதிரைப் பிள்ளை ஊசி போட்டவளா என்று தெரியாது. இன்னொன்றும் உண்டு: ஏற்பு வந்து பிழைத்தவருக்குக்கூட அந்நோய் மறுபடி வராது என்ற உத்தரவாதம் இல்லை. நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு அத்துணைச் சிறியது. எதிர்ப்புச் சக்தியை எழுப்பவும் அது போதாது. எனவே "இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி வரட்டும்" என்ற வாதம் இந்நோயில் சற்றும் எடுபடாது. நோயிலிருந்து மீண்டவருக்கும் ஊசி ஏற்றியே ஆக வேண்டும்.

பேரனர்த்தங்கள் இந்த உண்மையை உரத்துச் சொல்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் 106 பேருக்கு ஏற்பு வந்தது. அவர்களில் 20 பேர் இறந்தார்கள். அலையிலிருந்து உயிர் தப்பியவர்கள், இடிபாடுகளில் பட்ட காயத்தால் இறந்தார்கள். கரையோரத்தில் வாழும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. வெள்ளமும் புயலும் வரும்போது கிளினிக் திறந்திருக்காது. முன்பே ஏற்றிய மருந்துதான் கூடவே நீந்தி வரும்.

இனி, இரகசியமாகக் காதுக்குள் சொல்லப்படும் ஓர் ஐயத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். பெண்பிள்ளைகளுக்குப் போடும் ஊசியில் கருத்தடை மருந்து கலந்திருக்கிறதாம் என்ற பேச்சு. இது எங்கள் ஊரில் பிறந்த பேச்சல்ல. 1990களில் பிலிப்பைன்ஸிலும், 2014 இல் கென்யாவிலும் ஏற்பூசி பற்றி இதே வதந்தி கிளம்பியது. அங்கே அதைப் பேசியவர்கள் முஸ்லிம்களும் அல்லர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அதனை மறுத்தன. ஆனால் அவர்களின் மறுப்பைவிட எனக்குப் பெரிய சான்று எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. 1969 முதல் எங்கள் தாய்மாருக்கு இந்த மருந்து ஏற்றப்பட்டு வருகிறது. இதை வாசிக்கும் மாணவியே, உன் உம்மாவும் அதைப் பெற்றிருப்பார். நீயும் பிறந்திருக்கிறாய், உன் தம்பி தங்கையரும் பிறந்திருக்கிறார்கள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

சமூகத்தில் அச்சம் விதைக்கப்பட்ட காலங்களில் இப்படிப்பட்ட பேச்சுக்குக் காது கொடுப்பது மனித இயல்பு என்பதை நான் அறிவேன். ஐயம் வந்தால் அதை வட்ஸ்அப்பில் அனுப்பாமல், குடும்பநலத் தாதியிடமோ வைத்தியரிடமோ நேரில் கேளுங்கள். கேள்வி கேட்பது குற்றமல்ல. கேட்காமலே பிள்ளையை வீட்டில் நிறுத்துவதுதான் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவில், திருமணத்துக்கு ஆயத்தமாகும் பெண்ணுக்கு ஏற்பூசி ஏற்றுவது நீண்டகாலமாக நடைமுறையில் உள்ளது என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

எங்கள் நாட்டின் ஒழுங்கு என்ன? பிள்ளைக்கு 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐங்கூட்டு மருந்து. 18 ஆம் மாதத்தில் முக்கூட்டு மருந்து. 5 வயதில் தொண்டைக்கரப்பனுக்கும் ஏற்புக்கும் எதிரான இருகூட்டு மருந்து. 11 வயதில், அதாவது தரம் 7 இல், பெரியவர்களுக்கான இருகூட்டு மருந்து. மொத்தம் ஆறு தடவை ஏற்புக்கு எதிரான மருந்து உடலில் சேர்கிறது. அனைத்தும் இலவசம். கையில் சிறிது வலி, ஓரிரு நாள் வீக்கம், சிலருக்கு இலேசான காய்ச்சல் வரலாம். பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வருமே என்று கவலைப்படும் உம்மாமாருக்கு என் பதில்: இரண்டு நாள் காய்ச்சலை, ஆறு வாரத் தீவிர சிகிச்சையோடு ஒரு தராசில் வைத்துப் பாருங்கள்.

இந்த ஆறும் பதிவில் இருந்தால் என்ன பயன் என்பதைத்தான் பெரும்பாலோர் அறிவதில்லை. நாளை இந்தப் பிள்ளை தாய்மையடைந்து கிளினிக்குக்குப் போகும்போது, ஆறு தடவையும் பெற்றதற்கு எழுத்துச் சான்று இருந்து, கடைசி ஊசிக்குப் பத்து ஆண்டுகள் ஆகாவிட்டால் மேலதிக ஊசி தேவைப்படாது. பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் ஒன்று போதும். சான்று இல்லையென்றால், ஒன்றுமே பெறாதவராகக் கருதி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். காயத்தோடு வைத்தியசாலைக்குப் போகும்போதும் அப்படித்தான். வைத்தியர் இரண்டு கேள்விகளைக் கேட்பார்: இதுவரை எத்தனை ஊசி, கடைசி ஊசி எப்போது? நாங்கள் "ஞாபகமில்லை" என்போம். அந்த ஒரு சொல்லால் தேவையற்ற ஊசியும் ஏறலாம். தேவையானதைச் சொல்லத் தெரியாமல் விடுபட்டும் போகலாம்.

காணி உறுதியை அலுமாரியின் உள்தட்டில் பூட்டி வைக்கிறோம். நகைப் பற்றுச்சீட்டை வைக்கிறோம். பிறப்புச் சான்றிதழையும் வைக்கிறோம். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று வீடு, தளபாடம் என எண்ணத் தொடங்கும் சமூகம் இது. அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு; அதை இன்னொரு சந்தர்ப்பத்தில் எழுதுவேன். ஆனால் எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தக் கிளினிக் கொப்பியை அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்று கேட்கிறேன். அது அவளுடைய உடைமை.

இந்தப் பொறுப்பை உம்மாவின் தலையில் மட்டும் சுமத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். கிளினிக்குக்குக் கொண்டு போவதும் அவர், கொப்பியைக் காப்பதும் அவர், தொலைந்தால் ஏச்சு வாங்குவதும் அவர் என்றால் அது நீதியல்ல. வாப்பாமாரும் ஒரு தடவை அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டும். தமது கையில் இருக்கும் தொலைபேசியில் அதன் பக்கங்களைப் படம் பிடித்து வைக்க ஒரு நிமிடம் போதும். பாடசாலைக்கும் பங்குண்டு. தரம் 7 இல் ஏற்றிய ஊசியின் பதிவு ஒவ்வொரு மாணவியின் வீட்டுக் கொப்பியிலும் ஒட்டப்பட்டதா என்று வகுப்பாசிரியர்கள் பார்க்கலாம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து விலகும் மாணவிக்கு, நற்சான்றிதழுடன் அவளது தடுப்பூசிப் பதிவின் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். எங்கள் கல்லூரியே இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் பெரியவர்களையும் மறந்துவிடாதீர்கள். இன்று இந்நாட்டில் ஏற்பு வருவது மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களுக்கே வருகிறது. அவர்களில் பலர் தடுப்பூசித் திட்டங்கள் பரவுவதற்கு முன் பிறந்தவர்கள், அல்லது கடைசி ஊசி போட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தவர்கள். வயலுக்குப் போகும் அப்பா, கோழிக்கூடு துப்புரவாக்கும் உம்மம்மா, கடலுக்குப் போகும் மாமா ஆகியோரைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காது குத்தும்போதும் கத்னாச் செய்யும்போதும் கருவி கிருமிநீக்கப்பட்டதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

காயம் பட்டால் செய்ய வேண்டியது எளிது. ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் பூசாதீர்கள். காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வலியில்லையே என்று நாட்களைக் கடத்தாதீர்கள். செல்லும்போது கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாணவிகளே, இந்தச் சஞ்சிகையை வீட்டுக்குக் கொண்டு சென்றதும் உம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ட கிளினிக் கொப்பி எங்க உம்மா?" அவர் எடுத்துத் தந்தால் ஆறு பதிவுகளையும் விரல்விட்டு எண்ணுங்கள். ஆறும் இருந்தால் உறையிட்டு அலுமாரியில் வையுங்கள். ஒன்று குறைந்தாலோ, கொப்பியே இல்லாவிட்டாலோ, அடுத்த கிளினிக் நாளில் உம்மாவையோ வாப்பாவையோ அழைத்துக்கொண்டு குடும்பநலத் தாதியிடம் செல்லுங்கள். அவர் திட்டமாட்டார், தன் பதிவேட்டைத் திறந்து பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்.